அசல் முப்பதாயிரம், நகல் மூவாயிரம்: வித்தியாசம் எங்கே இருக்கிறது?

முதலிலேயே ஒரு விஷயத்தைப் பிரித்து வைத்துவிடுகிறேன். நகல் செண்ட் வேறு, போலி செண்ட் வேறு. நம்ம ஊரில் இரண்டையும் சேர்த்து "டூப்ளிகேட்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போலி என்றால் அதே பெயர், அதே பாட்டில், அதே அட்டைப்பெட்டி. உள்ளே என்ன ஊற்றியிருக்கிறான் என்று ஊற்றியவனுக்குத்தான் தெரியும். அது வாங்குகிறவனையும் ஏமாற்றுகிறது, பெயருக்குச் சொந்தக்காரனையும் ஏமாற்றுகிறது. நம் நாட்டு வணிகக்குறிச் சட்டம் 1999-ன்படி அது தண்டனைக்குரிய குற்றம். நகல் அப்படி இல்லை. வேறு பெயர், வேறு கம்பெனி, பெட்டியில் அந்தக் கம்பெனியின் சொந்த முகவரி. வாசனை மட்டும் இன்னொரு பிரபலமான செண்ட்டைப் போல இருக்கும். யாரும் யாரிடமும் "இதுதான் அது" என்று சொல்லி விற்கவில்லை.

நான் பேசப்போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி மட்டும்தான். போலிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன் :-)

உதாரணத்துக்கு உலகத்திலேயே அதிகம் சண்டை போடப்பட்ட ஜோடியை எடுத்துக்கொள்வோம். அசல்: கிரீட் நிறுவனத்தின் அவென்டஸ். 2010-ல் வந்தது. 1760-ல் லண்டனில் ஆரம்பித்ததாகத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் நிறுவனம் அது. நகல்: அர்மாஃப் கிளப் டி நுய் இன்டென்ஸ் மேன். (பெயரை ஒருமுறை முழுசாகச் சொல்லிவிட்டேன், இனிமேல் கிளப் டி நுய் என்றே சொல்கிறேன்.) 2015-ல் வந்தது. அர்மாஃப் என்பது துபாயில் உள்ள ஸ்டெர்லிங் பர்ஃப்யூம்ஸ் நிறுவனத்தின் பிராண்ட்.

அவென்டஸ் 100 மில்லி இந்தியாவில் முப்பதாயிரம் ரூபாய்க்கும் மேல். கிளப் டி நுய் 105 மில்லி மூவாயிரத்தை ஒட்டி. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும் என்றாலும் விகிதம் கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முறை அழுத்தினால் சுமார் 0.1 மில்லி வெளியே வரும். அப்படியானால் அவென்டஸ் ஒரு அழுத்துக்கு 30 ரூபாய், கிளப் டி நுய் 3 ரூபாய்க்குள். ஒரு நாளைக்கு நாலு அழுத்து என்றால் 120 ரூபாயும் 12 ரூபாயும். ஒன்று நல்ல ஓட்டலில் முழுச் சாப்பாடு. இன்னொன்று ஒரு டீ.

சரி, வாசனைக்கு வருவோம்.

முகர்ந்து பார்த்தால்

நண்பன் ஒருத்தனின் மாமா துபாயில் வேலை பார்க்கிறார். அவரிடம் அசல் அவென்டஸ் இருக்கிறது. போன முறை விடுமுறைக்கு வந்தபோது, அவரிடம் கேட்டு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் வாங்கி வந்தான். கிளப் டி நுய் எங்கள் விடுதியிலேயே ரெண்டு பேரிடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இடது மணிக்கட்டில் ஒன்று, வலது மணிக்கட்டில் ஒன்று என்று அடித்துக்கொண்டு சாயங்காலம் வரை முகர்ந்துகொண்டே இருந்தேன். அறையில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள்.

முதல் பத்து நிமிடத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. கிளப் டி நுய் ஆரம்பத்தில் எலுமிச்சையால் முகத்தில் அறைகிறது. காட்டமான, கொஞ்சம் தரை துடைக்கும் திரவத்தை ஞாபகப்படுத்துகிற எலுமிச்சை. அவென்டஸில் அந்த அறை இல்லை. அன்னாசி, ஆப்பிள், பெர்கமாட் எல்லாம் ஒன்றாகக் கலந்து, பழம் நறுக்கி வைத்த மாதிரி மெதுவாக வருகிறது.

அரை மணி நேரம் கழித்து நிலைமை மாறுகிறது. நகலின் எலுமிச்சை அடங்கி, பிர்ச் மரத்தின் புகை வாசனை மேலே வருகிறது. அசலிலும் அதே புகை, ஆனால் கொஞ்சம் அடக்கம். இந்தக் கட்டத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. மூன்று நாலு மணி நேரத்துக்குப் பிறகு கஸ்தூரி, பச்சிலை, அம்பர் மாதிரியான அடிவாசனைதான் மிச்சம். அப்போது எது இடது, எது வலது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை என்றால் நான் நிச்சயமாகச் சொல்லியிருக்க மாட்டேன். இன்னொரு விஷயம்: நகல்தான் அதிக நேரம் நின்றது. ராத்திரி சாப்பாட்டுக்குப் போகும்போதும் வலது கையில் இருந்தது.

பிறகு காகிதத் துண்டுகளில் அடித்து, எது எது என்று சொல்லாமல் அறைத் தோழர்களிடம் கொடுத்தேன். உடனே முகரச் சொன்னபோது பலர் சரியாகவே "இதுதான் காஸ்ட்லி" என்று அசலைக் காட்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே காகிதங்களைக் கொடுத்தபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இது ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, விடுதி விளையாட்டு. ஆனால் எனக்குப் புரிந்தது இதுதான்: வித்தியாசம் இருக்கிறது. அது முதல் அரை மணி நேரத்தில் இருக்கிறது. அந்த அரை மணி நேரம் நன்றாகவும் இருக்கிறது. "ரெண்டும் நூத்துக்கு நூறு ஒண்ணுதான்" என்று சொல்கிறவர்கள் விற்கிறவர்களாக இருக்க வேண்டும், அல்லது அசலை முகராதவர்களாக இருக்க வேண்டும்.

எப்படி நகல் எடுக்கிறார்கள்?

இதற்கு ஒரு கருவி இருக்கிறது. வாயு நிறப்பிரிகை என்று வேதியியல் மாணவர்கள் சொல்வார்கள். செண்ட்டைச் சூடாக்கி ஆவியாக்கி ஒரு நீளமான மெல்லிய குழாய்க்குள் அனுப்பினால், அதில் உள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். வருகிற ஒவ்வொன்றையும் நிறை நிறமாலைமானி அடையாளம் காட்டும், எவ்வளவு இருக்கிறது என்று கணக்கும் கிடைக்கும். சமையல் குறிப்பை, சமைத்த குழம்பிலிருந்தே திரும்ப எழுதுகிற மாதிரி.

ஆனால் குழம்பைப் போலவே இதிலும் எல்லாம் அகப்படாது. ஆய்வுக்கூடத்தில் செய்த வாசனை மூலக்கூறுகள் சுலபமாகப் பிடிபடும். மல்லிகைச் சாறு, ஓக் மரத்துப் பாசி, பிர்ச் தார் மாதிரி இயற்கைப் பொருள்கள் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான கூறுகள் இருக்கும். அவை கலவையில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும்போது எது எதிலிருந்து வந்தது என்று பிரிப்பது கஷ்டம். சில பொருள்கள் கருவிக்கே எட்டாத அளவு சொற்பமாக இருந்தாலும் மூக்குக்கு எட்டும். அதுபோக, பெரிய வாசனைப்பொருள் நிறுவனங்கள் தாங்கள் கண்டுபிடித்த சில மூலக்கூறுகளுக்குக் காப்புரிமை எடுத்து, வெளியே விற்காமல் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். அவற்றை நகல் எடுப்பவன் வேறு எதையாவது வைத்து ஒப்பேற்ற வேண்டும். முதல் அரை மணி நேரத்தில் நமக்குத் தெரிகிற வித்தியாசத்துக்கு இவையெல்லாம் காரணமாக இருக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. அவென்டஸ் என்றாலே எல்லோரும் சொல்வது அன்னாசி. ஆனால் ரோஜாவிலிருந்து எண்ணெய் எடுப்பது போல அன்னாசிப் பழத்திலிருந்து எண்ணெய் எடுத்து செண்ட்டில் ஊற்றும் வழக்கம் கிடையாது. செண்ட் உலகத்தில் அன்னாசி வாசனையைப் பொதுவாக எஸ்டர் வகை ரசாயனங்களை வைத்துத்தான் கட்டுவார்கள். அம்பர்கிரிஸ் என்கிற திமிங்கல அம்பரும் இன்று பெரும்பாலும் அம்ப்ராக்சான் மாதிரியான செயற்கைப் பொருள்தான். ஆக "அசல்" என்று நாம் சொல்வதிலேயே பாதி, இயற்கையைப் பார்த்து எடுத்த நகல்!

அசலுக்கும் ஒரு அப்பா உண்டு

ஒரு அசல், ஒரு நகல் என்று கோடு போட்டுப் பார்ப்பது செண்ட் சரித்திரத்தில் அவ்வளவு சுலபம் இல்லை. 1882-ல் ஊபிகான் நிறுவனம் ஃபூஜேர் ரோயால் என்று ஒரு செண்ட் விட்டது. லாவெண்டர், ஓக் பாசி, கூமரின் சேர்ந்த அந்த அமைப்பை அத்தனை பேரும் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு "ஃபூஜேர்" என்பது ஒரு செண்ட்டின் பெயர் இல்லை, ஒரு வகையின் பெயர். நம் அப்பாக்கள் போட்ட ஷேவிங் லோஷனில் பல அந்தக் குடும்பம்தான். ஷனெல் நம்பர் 5-ஐ 1921-ல் உருவாக்கிய எர்னஸ்ட் போ, அதற்கு முன்னால் ரஷ்யாவில் ரலே நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அங்கே அவர் செய்த ஒரு செண்ட்டுக்கும் நம்பர் 5-க்கும் நெருங்கிய உறவு உண்டு என்று வாசனை வரலாறு எழுதுகிறவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கிரீட் கதையிலேயே இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. 1985-ல் அவர்கள் விட்ட செண்ட் கிரீன் ஐரிஷ் ட்வீட். 1988-ல் டேவிடாஃப் பெயரில் கூல் வாட்டர் வந்தது. இரண்டும் முகர்ந்தால் உறவுக்காரர்கள் என்று யாருக்கும் தெரியும். கூல் வாட்டரைச் செய்தவர் பியர் பூர்தோன். கிரீன் ஐரிஷ் ட்வீட்டிலும் அவர் கை உண்டு என்று வாசனை உலகத்தில் பலரும் எழுதியிருக்கிறார்கள். விலை குறைந்த கூல் வாட்டர்தான் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு அதை யாரும் நகல் என்று சொல்வதில்லை. அதுவே ஒரு அசல் ஆகிவிட்டது, அதற்கே ஆயிரம் நகல் வந்துவிட்டது.

அசல் அப்படியே அசலாக நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வாமை, இனப்பெருக்க நச்சுத்தன்மை மாதிரியான காரணங்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் சில வாசனைப் பொருள்களை அவ்வப்போது தடை செய்கிறது. ஓக் பாசியில் இருக்கிற அட்ரனால் 2021-லும், லிலியல் என்கிற பொருள் 2022-லும் கடைகளை விட்டுப் போயின. அந்தப் பொருள்கள் இருந்த செண்ட்டுகளையெல்லாம் பெயரை மாற்றாமல் உள்ளே மாற்றி எழுத வேண்டி வந்தது. அவென்டஸ் ரசிகர்கள் பாட்டிலுக்கு அடியில் உள்ள தொகுதி எண்ணைப் பார்த்து "அந்த வருஷத்துது நல்ல புகை, இந்த வருஷத்துது வெறும் பழம்" என்று சண்டை போடுகிறார்கள். எந்த வருடத்து அசலுக்கு நகல் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வணிகவியல் மாணவன் என்பதால் இந்தப் பகுதியை விட மனசில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரை வணிகக்குறியாகப் பதிவு செய்யலாம். பாட்டிலின் வடிவத்தைப் பதிவு செய்யலாம். புதிய மூலக்கூறுக்குக் காப்புரிமை வாங்கலாம், 20 வருடம் செல்லும். ஆனால் வாசனைக்கு? அங்கேதான் சட்டம் மூக்கைச் சொறிகிறது.

2006 ஜூனில் ஒரே வாரத்தில் இரண்டு நாடுகளின் உச்ச நீதிமன்றங்கள் நேர் எதிராகத் தீர்ப்புச் சொல்லின. ஜூன் 13 அன்று பிரான்ஸ் நீதிமன்றம், செண்ட் என்பது ஒரு தொழில்திறனின் விளைவு, அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்றது. மூன்று நாள் கழித்து நெதர்லாந்து நீதிமன்றம், லாங்கோம் நிறுவனத்தின் ட்ரெஸோர் வாசனைக்குப் பதிப்புரிமை உண்டு என்றது. செண்ட்டுக்குத் தலைநகரமான பிரான்ஸ் இல்லை என்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் உண்டு என்கிறான்! பிறகு 2018-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு பாலாடைக்கட்டி வழக்கில், சுவையைத் துல்லியமாகவும் எல்லோருக்கும் ஒன்றாகவும் வரையறுக்க முடியாது, அதனால் பதிப்புரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. சுவைக்குச் சொன்ன அதே காரணம் வாசனைக்கும் பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் 2009-ல் லோரியால், பெல்யூர் என்ற நிறுவனத்துக்கு எதிராக ஜெயித்தது. அந்த வழக்கில் பிரச்சினை வாசனையைக் காப்பி அடித்தது இல்லை. எங்கள் நம்பர் இத்தனை, அவர்களுடைய இன்ன செண்ட்டுக்குச் சமம் என்று ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, பெரிய பெயரின் மேல் ஏறி விற்றதுதான். பிறர் பெயரின் புகழில் நியாயமில்லாமல் குளிர் காய்வது தவறு என்றது ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம். அமெரிக்காவில் 1968-ல் வேறு மாதிரி. ஷனெல் நம்பர் 5 போலவே இருக்கும் ஒரு செண்ட்டை விற்றவர், விளம்பரத்தில் ஷனெல் பெயரைச் சொல்வதில் தவறில்லை, சொல்வது உண்மையாக இருந்தால் போதும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இந்த வழக்குகளைப் படித்த பிறகு எனக்கு ஒரு கோடு தெரிகிறது. வாசனையை எடுத்துக்கொள்ளலாம், பெயரை எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கோடு நியாயமாகத்தான் படுகிறது.

அந்த முப்பதாயிரம் எங்கே போகிறது?

2023-ல் பிரான்ஸின் கெரிங் குழுமம் கிரீட் நிறுவனத்தை 350 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. அப்போது கிரீட்டின் ஒரு வருட விற்பனை 25 கோடி யூரோவைச் சற்றுத் தாண்டியது என்று அறிவித்தார்கள். அதாவது லாபத்தின் மடங்கு இல்லை, விற்பனையின் கிட்டத்தட்ட 14 மடங்கு. 2025 அக்டோபரில் கெரிங், கிரீட்டையும் சேர்த்துத் தன் அழகுப்பொருள் தொழிலை 400 கோடி யூரோவுக்கு விற்க ஒப்பந்தம் அறிவித்தது. வாங்குகிறவர் யார் தெரியுமா? நகலை எதிர்த்து வழக்கு ஜெயித்த அதே லோரியால்!

பிகாம் படிக்கிறவர்களுக்கு இது புரியும். 350 கோடி கொடுத்து கெரிங் வாங்கியது அன்னாசி எஸ்டரையும் ஆல்கஹாலையும் இல்லை. நற்பெயரை. நம் கணக்கியல் தரநிலை 26 என்ன சொல்கிறது? ஒரு நிறுவனம் தானே வளர்த்த நற்பெயரை இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்ட முடியாது. இன்னொருவரிடம் விலை கொடுத்து வாங்கினால் காட்டலாம். அந்த வாங்கிய நற்பெயருக்குக் கொடுத்த பணத்தை யாராவது திரும்பக் கட்ட வேண்டும் இல்லையா? ஒவ்வொரு பாட்டிலும் கட்டுகிறது. கடை வாடகை, விளம்பரம், கண்ணாடி, சுங்கவரி, கடைக்காரர் லாபம் எல்லாவற்றுக்கும் மேலே இதுவும் ஒரு செலவு.

இதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பெயருக்குப் பணம் கொடுக்க ஆசைப்படுகிறவர் கொடுக்கட்டும். பாட்டிலை மேசையில் வைத்துப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பணம் வாசனைக்குப் போகிறது என்று யாராவது சொன்னால் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எதிர்த்தரப்பு வாதம்

இதற்கு ஒரு பலமான பதில் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு எழுதினால் நியாயம் இல்லை. "எல்லோரும் நகலையே வாங்கினால் புதிதாக யார் செய்வார்கள்? ஒருத்தன் வருடக்கணக்கில் உட்கார்ந்து நூறு முறை மாற்றி மாற்றிச் செய்த கலவையை, இன்னொருத்தன் கருவிக்குள் விட்டு ஒரு மாதத்தில் எடுத்துவிடுவது உழைப்பைத் திருடுவது இல்லையா?"

இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது. சினிமாத் திருட்டு விசிடியை வைத்து நாமே எவ்வளவு பேசியிருக்கிறோம். ஆனால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, கலவையைச் செய்த வாசனைக் கலைஞருக்கு அசல் பாட்டிலின் விலையில் என்ன போகிறது? பெரும்பாலான பிரபல செண்ட்டுகளைச் செய்வது ஷிவோதான், டிஎஸ்எம் ஃபிர்மெனிக், ஐஎஃப்எஃப், சிம்ரைஸ் மாதிரி பெரிய வாசனைப்பொருள் நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். பாட்டிலில் அவர்கள் பெயர் இருப்பதே அபூர்வம். இவ்வளவு காலமாகக் கலைஞனின் பெயரை வெளியே சொல்லாமல் இருந்த ஒரு தொழில், நகல் வந்ததும் கலைஞனுக்காகக் கண்ணீர் விடுவது கொஞ்சம் உறுத்துகிறது.

இரண்டு, அவென்டஸ் நகல்களால் நஷ்டப்பட்டதா? கிளப் டி நுய் 2015-ல் வந்தது. எட்டு வருடம் இந்த நகலும் இன்னும் எத்தனையோ நகல்களும் சந்தையில் இருந்த பிறகுதான் 350 கோடி யூரோ விலை போனது. மூவாயிரத்துக்கு வாங்குகிறவன் முப்பதாயிரத்துக்கு வாங்கவிருந்தவன் இல்லை. அவன் வேறு சந்தை.

அதற்காக நகல் கம்பெனி ஏதோ ஏழைகளுக்குச் சேவை செய்கிறது என்றும் நான் சொல்ல வரவில்லை. நகலுக்கு அசலின் விலைதான் விளம்பரம். அவென்டஸ் நாளைக்கே நாலாயிரத்துக்கு வந்துவிட்டால் கிளப் டி நுய்யை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? "முப்பதாயிரம் ரூபாய் வாசனை மூவாயிரத்துக்கு" என்று கேட்டதும் நமக்கு 27,000 ரூபாய் மிச்சமானது போல ஒரு மயக்கம் வருகிறது. மிச்சம் இல்லை மக்களே. அந்த 27,000 நம்மிடம் எப்போதும் இருந்ததில்லை. நடந்தது என்னவென்றால் நம்மிடம் இருந்த 3,000 போய்விட்டது, அவ்வளவுதான். விடுதியில் ஒருவன் "மிச்சம்" பண்ணிப் பண்ணியே ஆறு நகல் பாட்டில் வாங்கி வைத்திருக்கிறான். பதினெட்டாயிரம் ரூபாய். அவன் அடுத்த செமஸ்டர் கட்டணம் அதைவிடக் குறைவு!

கடைசியாக, இதை ஏன் எழுதினேன்

எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் வளாக நேர்முகத் தேர்வுக்கு என்று ஒரு நல்ல சட்டையும் இந்த நகல் செண்ட்டும் வாங்கினான். துறை விழா அன்று போட்டுக்கொண்டு வந்தான். நன்றாகத்தான் இருந்தது. ஒருவன் முகர்ந்துவிட்டு "டேய், இது அவென்டஸ் டூப்பு" என்று சத்தமாகச் சொன்னான். பத்துப் பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் அதைப் போடவே இல்லை. நேர்முகத் தேர்வுக்கும் போடவில்லை.

சிரித்த பத்துப் பேரில் ஒருத்தன்கூட அசலை முகர்ந்ததில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் குப்பி வந்த அன்றைக்கு எல்லோரும் வரிசையில் நின்று முதல் முறையாக முகர்ந்தார்கள். அப்படியானால் அவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள்? வாசனையை இல்லை. "உன்னால் அதை வாங்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது" என்பதைத்தான்.

எனக்கு இதில்தான் கோபம். அவன் யாரிடமும் இது அவென்டஸ் என்று சொல்லவில்லை. பெட்டியில் என்ன பெயர் இருந்ததோ அந்தப் பெயரைத்தான் சொன்னான். பொய் சொல்லாதவனைப் பொய்யன் மாதிரி நிற்க வைத்தாயிற்று. விலை உயர்ந்த பெயரை வாங்குகிற உரிமை பணம் இருப்பவர்களுக்கு இருக்கட்டும். நல்ல வாசனையோடு இருக்கிற உரிமையையும் சேர்த்து ஏன் அவர்களுக்கே எழுதிக் கொடுக்கிறோம்? நம் ஊரில் யாரிடம் எந்த வாசனை வரலாம், யாரிடம் வரக் கூடாது என்று பார்க்கிற பழக்கம் செண்ட் வருவதற்கு முன்பே இருந்ததுதான். அதை நாமும் தொடர வேண்டுமா?

என் தீர்ப்பு இதுதான். வாசனை என்று மட்டும் பார்த்தால் அசல் மேல். முதல் அரை மணி நேரத்தில் தெளிவாக மேல், பிறகு கொஞ்சம் மேல். அந்தக் கொஞ்சத்துக்காகப் பத்து மடங்கு கொடுக்க முடிகிறவர்கள் கொடுக்கலாம், அது அவர்கள் பணம். மாணவனுக்கு நகல் போதும். ஒரு பாட்டில் போதும், ஆறு வேண்டாம். வகுப்புக்குப் போவதற்கு அரை மணி நேரம் முன்னால் அடித்துக்கொள்ளுங்கள், அந்த எலுமிச்சை அடங்கட்டும். நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு அழுத்து தாராளம், அதற்கு மேல் போனால் பேருந்தில் பக்கத்தில் நிற்பவர் பாவம். யாராவது என்ன செண்ட் என்று கேட்டால் பெட்டியில் உள்ள பெயரைச் சொல்லுங்கள். அது ஒரு சொந்தப் பெயர்தான். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

அந்தப் பையன் இதைப் படிப்பான் என்று தெரியும். அடுத்த மாதம் இன்னொரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்கு வருகிறது. பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது என்று சொன்னான். போட்டுக்கொண்டு வாடா.